ரன் அடிக்காதவருக்கு என் வாக்கு
லண்டன் மோர்டனில் எங்கள் கிரிக்கெட் கழகத்தின் கௌரவப் பலகையில் ஒரு பெயரைச் சேர்ப்பதா என்று தீர்மானிக்க ஐந்து பேர் கூடினோம். அந்தப் பழைய ஆட்டக்காரர் தன் பக்கம் வந்த எந்தப் பந்தையும் தப்பவிடாதவர். ஆனால் ஒருநாளும் அரைச்சதம் அடித்ததில்லை. வாக்கு இரண்டுக்கு இரண்டு என்று நின்றது. மிச்சம் நான்.

"அண்ணை, ரன் அடிக்காத ஆளைப் போட்டால் சனம் சிரிக்கும்," என்றார் செயலாளர்.

என் பந்துவீச்சில் விழுந்த விக்கெட்டுகளில் பாதி அவர் பிடித்தவை. நன்றிக்காகக் கை தூக்கப்போகிறேனா, நியாயத்துக்காகவா?

"அவர் தடுத்த ரன்னை ஆர் எழுதி வைச்சது?" என்று கேட்டுவிட்டுக் கையைத் தூக்கினேன்.

செய்தியைச் சொல்ல அவருக்குப் போன் எடுத்தேன்.

"எல்லாரும் ஓமெண்டு சொன்னவையோ?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன். பலகையைத் திறந்துவைக்கும்வரை அந்தப் பொய் வெளிவந்துவிடுமோ என்ற பயம் என்னை விடவில்லை.