மழை வேண்டாமென்று வேண்டியவள்

கிளாஸ்கோவில் நான் கபடி சொல்லிக்கொடுக்கும் விளையாட்டுக் கூடத்தின் கழிப்பறையில் ஒரு பிரம்புக்கூடை இருக்கிறது. அது நிறைய நாப்கின்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். வந்து சில வருடமாகியும், ஒன்றை எடுக்குமுன் என் கண் தானாகக் கதவுப் பக்கம் போய்விடுகிறது. எடுத்ததைத் துண்டுக்குள் சுருட்டிக்கொள்கிறேன். என்னோடு பயிற்சி தரும் ஃபியோனா இதைப் பார்த்துவிட்டாள். வாங்க வழியில்லாதவள் என்று நினைத்து, மறுநாள் ஒரு பை நிறையக் கொண்டுவந்து நீட்டி, கூச்சப்படாதே என்றாள். சிரிப்பதா எரிந்து விழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் ஊர்க் கோயில் பொட்டலைப் பற்றி அவளுக்கு எங்கிருந்து தொடங்குவது?

எம்.ரெட்டியபட்டியில் நாங்கள் கபடி ஆடியது அம்மன் கோயில் முன்னாலிருக்கும் பொட்டலில். வீட்டுக்குத் தூரமான பெண் அதை மிதிக்கக் கூடாது. ஒருத்தி பயிற்சிக்கு வரவில்லையென்றால் தெரு முழுக்கச் சேதி தெரிந்துவிடும். கட்டுவது பழந்துணி, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராது. அதனால் வகுப்புக்கும் போவதில்லை. கேப்டன் தினமும் வர வேண்டுமே! எங்கள் பி.டி. டீச்சர் அதற்கொரு வழி கண்டுபிடித்தார்: வயதுக்கு வராத பெண்தான் கேப்டன். சடங்கு முடிந்த கையோடு பதவி அடுத்த சின்னப்பெண்ணுக்குப் போய்விடும். ஆட்டம் பிடிபடும் நேரத்தில் ஆளை மாற்றிவிட்டு, வெளியூரில் ஏன் தோற்கிறோம் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்வார். என் பதவியும் அப்படித்தான் போனது. பட்டுச்சேலை கட்டி உட்கார வைத்த அன்று நான் அழுத அழுகையைப் பார்த்து, இப்பவே மாமியார் வீட்டை நினைத்து அழுகிறாள் என்று கேலி பேசினார்கள்.

அன்று என்னோடு ஆடிய முத்துலட்சுமி இன்று அதே ஊரில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறாள். சாயங்காலம் பெண்பிள்ளைகளுக்குக் கபடிப் பயிற்சி தருகிறாள். பொட்டலே வேண்டாமென்று, ரோட்டோரம் சும்மா கிடந்த ஒரு சம்சாரியின் பருத்திக்காட்டைக் கெஞ்சி வாங்கினாள். மழை பெய்து உழவு போடும்வரை ஆடிக்கொள்ளச் சொன்னார் அவர். காட்டோர வேம்பில் நாப்கின் நிறைந்த மஞ்சள் பை தொங்கும். இங்கிருந்து பணம் அனுப்பி அதை நிரப்புவது நானும், விஷயம் புரிந்த பிறகு ஃபியோனாவும். கேப்டன் பாண்டிச்செல்வி பத்தாவது படிக்கிறாள். ஒருநாள் விடாமல் வந்தாள். அணி ஜெயிக்கத் தொடங்கியது.

ஐப்பசி பிறந்ததும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. மழை பெய்தால் காடு போகும், பிள்ளைகள் மறுபடி பொட்டலுக்கு வர வேண்டும், பையிருந்தும் அந்த நாட்களில் பாண்டிச்செல்விக்கு நிற்க இடமிருக்காது. என் அப்பாவோ மானாவாரிச் சம்சாரி. விதையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்திருந்தார். இங்கே விடாமல் பெய்யும் மழையில் குடையோடு நடந்தபடி, அங்கே பெய்யாதே பெய்யாதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன், பெற்ற அப்பனுக்கு எதிராக. ஊரில் யார் காதிலாவது விழுந்திருந்தால் விளக்குமாறு பிய்ந்திருக்கும்.

நேற்று முத்துலட்சுமி கூப்பிட்டாள். மழை கொட்டித் தீர்த்து, காட்டை உழுதுவிட்டார்களாம். பொட்டலில் பயிற்சி தொடங்க, தூரமாகியிருந்த பாண்டிச்செல்வி ரோட்டிலேயே நின்றுவிட்டாள். அப்போது, அணியில் இருப்பதிலேயே சின்னப்பெண் பொட்டலில் போட்ட சுண்ணாம்புக் கோட்டைக் காலால் அழித்தாளாம்.

“கேப்டன் நிக்கிற எடத்துல கோட்டப் போடுங்கடின்னுட்டா புள்ள. அம்புட்டுப் பேரும் ரோட்டுக்கு வந்துட்டாளுக. நானும் ஆட்டோவக் குறுக்க நிப்பாட்டிட்டேன். பஸ்ஸு வந்து நின்னு டிரைவர் வையுறாரு. பாண்டிச்செல்வி, ‘பொட்டல் சும்மாத்தானண்ணே கெடக்கு, அது வழியா ஓட்டிக்கிட்டுப் போங்க’ங்கிறா.”

சிரித்துக்கொண்டே சொன்னவள் சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். “தார் ரோட்டுல விழுந்தா முட்டி பேந்துரும். நாளைக்கும் இங்கனதேன்ங்குதுக. எத்தன நாளைக்கு விடுவாகன்னு தெரியல.”

அவள் வைத்ததும் அப்பா வீடியோவில் வந்தார். நனைந்த தலையோடு ரோட்டோரம் நின்று, “நல்ல மழை ஆத்தா, நாளைக்கு வெதைக்கிறோம்” என்றார். அந்த முகத்தில் அப்படியொரு வெளிச்சம் பார்த்து வருடங்களாகின்றன. சந்தோஷம்ப்பா என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். ஆனால் என் கண் அவர் தோளுக்குப் பின்னால், ஈரத் தார் ரோட்டில் அந்தச் சுண்ணாம்புக் கோடு அழியாமல் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தது.