பரிசோதிக்காத ஒரே ப்ளாப்பி

தொண்ணூறுகளின் முற்பாதியில், மேற்குத் தாம்பரத்தில் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு நான்தான் பொறுப்பு. எட்டு மெஷின், ஒரு ஏ.சி., வாசலில் செருப்பு விட ஒரு மரத்தட்டு. பொத்தேரி, காட்டாங்குளத்தூர் பக்கத்துக் கல்லூரிப் பிள்ளைகள் ரயிலேறி வந்து ப்ராஜெக்ட் செய்வார்கள்.

வைரஸ் என்றாலே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வரும். ஒருமுறை எவனோ கொண்டுவந்த கேம்ஸ் ப்ளாப்பியால் இரண்டு மெஷின் படுத்துவிட்டன. அன்றிலிருந்து நான் வாசலிலேயே நின்றுகொள்வேன். "ப்ளாப்பி க்ளீனா?" என்பதுதான் என் வணக்கம். வெளி ப்ளாப்பி சோதிக்காமல் உள்ளே வரக்கூடாது. செய்த வேலையை யாரும் காப்பி எடுத்துப் போகவும் கூடாது. போன ப்ளாப்பி எப்படியும் சீக்கோடுதான் திரும்பி வரும். ப்ராஜெக்ட் முடிகிற கடைசி நாளில் நானே என் கையால் காப்பி எடுத்துத் தருவேன், அதுவரை என்னை நம்புங்கள் என்று சொல்லிவிடுவேன். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் என்னை 'கஸ்டம்ஸ் மேடம்' என்றார்கள். உள்ளூர எனக்கு அதில் பெருமைதான்.

ஒரே ஒரு ப்ளாப்பிக்கு மட்டும் சோதனை கிடையாது. சர்வீஸ் இன்ஜினியர் மாதம் ஒருமுறை, வைரஸ் பிடிக்கும் ப்ரோகிராமின் புதுப் பதிப்பை ஒரு ப்ளாப்பியில் கொண்டுவருவார். அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வேன். மருந்துக்கே வைத்தியம் பார்ப்பார்களா என்ன?

அன்றும் அப்படித்தான் வந்தார். "கம்பெனிலேர்ந்து இன்னும் வரலை மேடம். ஆனா தெரிஞ்ச கடையில கெடச்சுது, ரெண்டு வெர்ஷன் புதுசு. எல்லாருக்கும் முன்னாடி உங்களுக்குத்தான்" என்று கொடுத்துவிட்டுப் போனார். போட்டுப் பார்த்தேன். அதே நீலத் திரை, அதே எழுத்து. பதிப்பு எண் மட்டும் கூடியிருந்தது.

மூன்றாம் மெஷினில் சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து வரும் பெண் உட்கார்ந்திருந்தாள். அந்த ஊர்ப் பக்கத்து ஃபாக்டரி ஒன்றின் உதிரிபாகக் கிடங்குக்காக ஐந்து மாதமாக ஒரு ப்ரோகிராம் எழுதியிருந்தாள். மறுநாள் காலை கல்லூரியில் தேர்வாளர் முன் ஓட்டிக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அந்த வருடம் போச்சு, அவளுக்குத் தருவதாகச் சொன்ன வேலையும் போச்சு. அன்றுதான் அவளுக்குக் காப்பி எடுத்துத் தருகிற நாள். சுத்தமான மெஷினிலிருந்து எடுத்துத் தரலாமே என்று, புது ப்ளாப்பியை முதலில் அவள் மெஷினில்தான் போட்டேன். அவள் மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

பிறகு மற்ற மெஷின்கள். ஒவ்வொன்றிலும் ஏற்றி, ஓடவிட்டு, அடுத்ததற்கு நகர்ந்தேன். ஐந்து முடிந்தது.

"மேடம், வைரஸ் இல்லை, முடிஞ்சுதுன்னு போட்டுருச்சு. ஆனா டிஸ்க் லைட் இன்னும் எரியுது" என்றாள் அந்தப் பெண்.

"புது வெர்ஷன்ம்மா. ஆழமாப் பாக்கும். அணையட்டும்."

விளக்கு அணைந்தது. மெஷின் தானாகவே நின்று, மறுபடி எழுந்தது. கறுப்புத் திரை. சிஸ்டம் ப்ளாப்பியைப் போடு என்று ஒரு வரி. பட்டனை அழுத்தினேன். அதே வரி. திரும்பிப் பார்த்தேன். வரிசையாக நான்கு மெஷின்களிலும் "வைரஸ் இல்லை" என்று நீலத்தில் எழுதியிருக்க, நான்கிலும் சிவப்பு விளக்கு விடாமல் எரிந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். ஏ.சி.யும் சேர்ந்து நின்றது. கீழே சைக்கிள் கடைக்காரர் குரல் கொடுத்தார்: "இன்னா மேடம், கரண்ட் பூட்ச்சா? நமக்கு கீதே."

ஆறாம் மெஷின் முதல் எட்டு வரை நான் தொட்டிருக்கவில்லை. மற்றவற்றின் பிளக்கைப் பிடுங்கிவிட்டுத்தான் கரண்டைத் திரும்பப் போட்டேன். பீரோவிலிருந்த பழைய சிஸ்டம் ப்ளாப்பியைக் கொண்டு மூன்றாம் மெஷினை எழுப்பி உள்ளே பார்த்தேன். ஒரு ஃபைல்கூட இல்லை. ஐந்து மாதமும் இல்லை. அவளை ஏறிட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"மேடம், திட்டாதீங்க" என்றாள். டிபன் பாக்ஸுக்கு அடியிலிருந்து ஒரு ப்ளாப்பியை எடுத்தாள். வாராவாரம் எனக்குத் தெரியாமல் காப்பி எடுத்திருக்கிறாள். "போன வெள்ளிக்கிழமை வரைக்கும் இருக்கு. மூணு நாள் வேலைதான் போச்சு."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. எட்டாம் மெஷினைக் காட்டி, "இங்க உக்காரும்மா, நானும் கூட இருந்து அடிச்சுத் தர்றேன்" என்று கையை நீட்டினேன். அவள் ப்ளாப்பியைக் கொடுக்கவில்லை. நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

"இந்த மெஷின் க்ளீனா மேடம்?"

கேலியில்லை. நிஜமாகவே கேட்டாள். நான் தொடாத மெஷின்தான். ஆனாலும் ஆமாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பரவாயில்லை மேடம். குரோம்பேட்டையில தெரிஞ்ச அக்கா சென்டர் இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். மறுநாள் ஓட்டிக் காட்டிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மற்ற நான்கு மெஷின்களிலும் எதுவும் மிஞ்சவில்லை. அவற்றில் இன்னும் நான்கு பேருடைய ப்ராஜெக்ட் இருந்தது. அவர்கள் யாரிடமும் காப்பி இல்லை. நான் சொன்னதைக் கேட்ட பிள்ளைகள் அவர்கள்.