ஒரே தீக்கு ரெண்டு கேஸ்

பூண்டியிலிருந்து கொடைக்கானல் வந்த பஸ்ஸில் இன்று பகல் கை வலிக்கும்வரை கைதட்டினேன். படபடப்பு இன்னும் அடங்கவில்லை!

பக்கத்து சீட்டில் செல்வி அக்கா. பூண்டு விவசாயம் செய்பவர். பக்கத்துத் தோட்டத்துக்காரரின் கொட்டகைக்குத் தீ வைத்ததாக அவர்மேல் கேஸ் இருந்தது. கோர்ட் விசாரித்து விடுதலை செய்துவிட்டது. கொட்டகைக்காரர் விடவில்லை. அதே தீயைச் சொல்லி இன்னொரு கேஸ். மறுபடி வாய்தா, மறுபடி அலைச்சல்.

பாதி வழியில் வக்கீல் போன் செய்தார். பஸ் இரைச்சலில் கேட்காததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, ஐகோர்ட்ல ரெண்டாவது கேஸை ரத்து பண்ணிட்டாங்க. விசாரிச்சு விடுதலை ஆனவங்கள அதே சம்பவத்துக்குத் திரும்ப விசாரிக்கக் கூடாதுன்னு தீர்ப்பு."

"நெசமாவா சார்? இனிமே வாய்தாவுக்கு வர வேணாமா?"

"வேணாம்மா. உங்க சோலியப் பாருங்க."

பஸ்ஸே கைதட்டியது. கண்டக்டர் விசிலடித்தார். அக்கா அழுதுகொண்டே சிரித்தார்.

அப்போது முன் சீட்டிலிருந்து ஒருவர் எழுந்து, "இங்கனயே எறக்கி விடுப்பா" என்றார்.

அக்கா என் காதில், "இவருதான் அந்தக் கொட்டகைக்காரரு" என்றார்.

வெளியே கொட்டும் மழை. சுற்றிலும் காடு.

அக்காதான் குரல் கொடுத்தார். "ஏண்ணே, மழையில எங்க எறங்குறீங்க? உக்காருங்க. கொடைக்கானல் போய் எறங்கலாம்."

அவர் உட்கார்ந்தார். கடைசிவரை பின்னால் திரும்பிப் பார்க்கவே இல்லை.

நானாக இருந்தால் கண்டக்டரின் விசிலை வாங்கி நானே ஊதி இறக்கிவிட்டிருப்பேன். நீங்க எப்படி?