தரை தொடாத மோட்டார்

இந்த நாட்டில் கடலின் ஆழத்தைக் காலில் காட்டுகிறார்கள். எஞ்சின் வாங்க வருகிற அரபி கடை வாசலில் நின்று, நீள அங்கியைச் சற்றுத் தூக்கி, கணுக்காலுக்கு மேலே ஒரு விரலை வைப்பார். இவ்வளவுதான் தண்ணீர், இதற்கு என்ன வைத்திருக்கிறாய் என்று அதற்கு அர்த்தம். எங்கள் ராமநாதபுரக் கரையில் ஆழத்தைப் பாகத்தில் சொல்வோம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம். கடல் என்றாலே கையை விரிக்க வேண்டும் என்று வளர்ந்த எனக்கு, மைல் கணக்கில் முழங்காலளவே நிற்கிற ஒரு கடல் முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு அதைப் பார்க்க ஒரு மாதிரியாக இருந்தது. தூரத்தில், கரை எதுவும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், ஒரு மனிதர் தண்ணீர்மேல் நடந்து போவார். நம்மோடு நிற்பவர்கள் யாரும் அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில் ஷார்ஜா தொழில்பேட்டையில் படகு எஞ்சின் விற்கும், பழுது பார்க்கும் கடையில் எனக்கு வேலை. அப்போது நான் ஊருக்குப் போய் நாலு வருஷம் ஆகியிருந்தது. கடையில் வேறு மெக்கானிக் இல்லை என்று, விசா கொடுத்த முதலாளியான கஃபீல் லீவைத் தள்ளிக்கொண்டே இருந்தார். நானும் வற்புறுத்திக் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது ஒரு கட்டத்தில் சுலபமாகிவிடுகிறது. பிழைக்கக் கடல் கடந்து வந்து இங்கே இருக்கிற சபுராளிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு குளிர்காலத்தில் அபூ ஸாலிம் வந்தார். அறுபது வயதிருக்கும். வடக்கே ஒரு கோர், அதாவது கடல் உள்ளே புகுந்து கிடக்கும் அகலமான கழி. அங்கே வாத்து சுடப் போக மோட்டார் வேண்டும் என்றார். தண்ணீர் ஒரு சாண். அடியில் சேறு இல்லை, சிமென்ட் போட்ட மாதிரிக் கல் தரை.

சேறாக இருந்தால் எனக்குக் கவலை இல்லை. தண்ணீரைத் தள்ளும் காற்றாடி சேற்றுக்குள் புதைந்தாலும் கடைந்துகொண்டு போய்விடும். கல் அப்படி விடாது, பிளேடைத் தின்றுவிடும். படகின் பின்னால் மாட்டும் வழக்கமான அவுட்போர்டு மோட்டார் இரண்டடி காலைக் கீழே விடும், ஆகவே அது உதவாது. சயாமில் ஓட்டுகிற நீள வால் மோட்டார் ஒன்றுதான் வழி. எஞ்சின் படகின் பின்விளிம்பில் உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஆள் உயரத்தையும் தாண்டிய ஷாஃப்ட் பின்னால் படுத்தாற்போல் போகும். நுனியில் காற்றாடி. கைப்பிடியைக் கொஞ்சம் அழுத்தினால் போதும், வால் மேலே எழும். காற்றில் குளிர்கிற எஞ்சின் என்பதால் மணலை உறிஞ்சி அடைத்துக்கொள்ளவும் செய்யாது. பெரிய எஞ்சினாகக் கொடு என்றார். வேண்டாம் என்றேன். கனம் கூடினால் படகின் பின்பக்கம் தாழும், தாழ்ந்தால் இருக்கிற ஒரு சாணும் போதாது. நாள் முழுக்க வாலைக் கையால்தான் தூக்கிப் பிடிக்க வேண்டும். சிறியதே நல்லது. இதை அவர் ஒத்துக்கொண்டார்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் புரியவில்லை. காற்றாடிக்குக் கீழே ஒரு இரும்புத் தகடு இருக்கும். கல் வந்தால் தகடு முதலில் மோதும், பிளேடு தப்பிக்கும். அதை வெட்டி எடுத்துவிடு என்றார். வெட்டினால் பிளேடு உடையும் என்றேன். உருதுவும் அரபியும் கலந்து அவர் சொன்னார்: "பிளேடு உடையட்டும் பாய். தரையில் மட்டும் எதுவும் படக்கூடாது."

கிழவருக்கு விஷயம் பிடிபடவில்லை என்று நினைத்துக்கொண்டு தகட்டை அறுத்துப் போட்டேன்.

ஓட்டிக் காட்ட நானும் போக வேண்டியிருந்தது. விடியுமுன் சுபுஹு தொழுதுவிட்டுக் கிளம்பினோம். கோரில் இறங்கியபோது விடிந்திருந்தது, ஆனால் மூடுபனி. வானமும் தண்ணீரும் ஒரே வெள்ளை. ஊருக்கு எப்போது போனாய் என்று வழியில் கேட்டார். நாலு வருஷம் ஆகிறது என்றேன். துப்பாக்கி துணிச்சுற்றுக்குள்ளேயே இருந்தது. வாத்துகளின் சத்தம் பக்கத்தில் கேட்டும் அவர் அதைத் தொடவில்லை.

ஓரிடத்தில் கையைக் காட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். குனிந்து பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. அடியில் தெரிந்த கல், கடல் போட்ட கல்லாக இல்லை. வளைவே இல்லாத விளிம்பு. அதை ஒட்டி இன்னொன்று. சுண்ணாம்பு பூசிய தரையில் அடுப்பு எரிந்த கருப்பு வட்டம்.

அபூ ஸாலிம் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார். கணுக்காலளவு தண்ணீரில் நேராகக் கொஞ்சம் நடந்து, வலப்பக்கம் திரும்பி, ஓரிடத்தில் தலையைக் குனிந்தார். தாழ்ந்த நிலைப்படியில் நுழைகிறவர் குனிவது போல. அங்கே பனியைத் தவிர ஒன்றும் இல்லை. உள்ளே போனதும் நிமிர்ந்தார். பிறகு கண்ணில் படவில்லை.

நான் படகில் உட்கார்ந்திருந்தேன். அவர் பேசுவது கேட்டது. நடுநடுவே நிறுத்தி, மறுபடி பேசினார். அவர் நிறுத்திய இடங்களில் இன்னொரு குரலும் இருந்தது. தாழ்ந்த, கொஞ்சம் கோபமான பெண் குரல். தாமதமாக வந்த பிள்ளையைக் கண்டிக்கிற குரல் எந்த மொழியிலும் ஒன்றுதான். இதை எழுதும்போது யோசிக்கிறேன், கொக்கோ நாரையோ கத்தியிருக்கலாம். அன்று அந்த நேரத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அதற்குள் நீர் ஏறத் தொடங்கியது. இந்தச் சமதரையில் கடல் அலையாக வருவதில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கணுக்கால் முழங்காலாகிவிடும். படகு தானாக விலகியது. கூப்பிட்டேன். அவர் பேச்சு நின்றது, ஆனால் பதில் இல்லை. இரண்டாவது முறை கூப்பிட்டதற்கும் இல்லை. இனி காத்திருக்க முடியாது என்று எஞ்சினைக் கிளப்பினேன். கைப்பிடியை நெஞ்சோடு அழுத்தி, காற்றாடி மேல்நீரை மட்டும் கீறும்படி வாலைத் தூக்கிப் பிடித்து, கடைசியாகக் குரல் கேட்ட திசையில் போனேன். வாலைக் கொஞ்சம் இறக்கினால் எதன்மேல் படும் என்று அதற்குள் எனக்கு விளங்கியிருந்தது.

இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கை பிடித்து இழுத்து ஏற்றினேன். கனமே இல்லை. கரையை நோக்கி வெகுதூரம் வந்த பிறகுதான் வாய் திறந்தார். அது ஒரு மணல் திட்டாம். அதன்மேல் இருபது வீடுகள் இருந்தனவாம். அவர் வாப்பாவோடு முத்துக் குளிக்கப் போயிருந்த பருவத்தில் ஒரு காற்று வந்து, மணல் முழுவதையும் கடல் எடுத்துக்கொண்டது. திரும்பி வந்தபோது தரை மட்டும் இருந்தது. உம்மாவும் இரண்டு தங்கைகளும் இல்லை.

"நீ சுவர் வழியாக வந்தாய்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. "உம்மா யார் இவன் என்று கேட்டாள்."

நான் எஞ்சினின் வேகத்தைக் குறைத்தேன்.

"வீட்டுக்குப் போகாத ஒருவன் என்று சொன்னேன்."

கரையில் வாலைத் தூக்கிப் பார்த்தேன். பிளேடில் ஒரு கீறல் இல்லை. மோட்டார் அவருக்குப் பிடித்திருந்தது, எடுத்துக்கொண்டார். நான் அந்தக் கோருக்கு மறுபடி போகவில்லை. மறுநாள் காலை கஃபீலிடம் லீவு கேட்டேன். தர முடியாது என்றார். அப்படியானால் என் விசாவை கேன்சல் செய்துவிடுங்கள் என்றேன். இரண்டு மாத லீவு கிடைத்தது.

ஊரில் என் மனைவி புது வீடு கட்டி முடித்திருந்தாள். நான் போட்டோவில் மட்டும் பார்த்த வீடு. முதல் நாள் மதியம் தண்ணீர் குடிக்க எழுந்தவன், எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் கூடத்தின் நடுவில் நின்றேன். ஏழு வயது மகள் வந்து என் விரலைப் பிடித்தாள். "இங்கே ஒரு படி இருக்கு, பாத்து வாங்க" என்று கூட்டிப் போனாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் பேசுகிற மரியாதை அவள் குரலில் இருந்தது.

அடுத்த நாளிலிருந்து, அவர்கள் தூங்குகிற பகல் நேரங்களில், கண்ணை மூடிக்கொண்டு அந்த வீட்டில் நடந்து பழகினேன். வாசலிலிருந்து அடுப்படிக்கு ஒன்பது காலடி, பிறகு இடப்பக்கம், ஒரு படி. ஒருநாள் மனைவி விழித்துப் பார்த்துவிட்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். சும்மாதான் என்றேன்.

லீவு முடிந்து ஷார்ஜாவுக்கே திரும்பி வந்தேன். இங்கே எங்கள் அறையில் ஆறு கட்டில்கள். சுவருக்குச் சுவர் ஒன்பது காலடி வராது. கண்ணை மூடிக்கொண்டு நடந்தால், எட்டாவது காலடியில் முழங்கால் கட்டில் இரும்பில் இடிக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர் எதைத் தேடுகிறாய் என்று கேட்கிறார். நான் இடப்பக்கம் திரும்பி, காலைச் சற்றுத் தூக்கி வைக்கிறேன்.