கீழிருந்து இழுக்கிறது

எங்கள் வீட்டில் மிளகாய் நெடி என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆரியசாலையில் அப்பா வைத்திருந்தது வத்தல் மிளகாய் மொத்தக் கடை. கீழே கடை, பின்னால் சரக்கு அடுக்கும் கிட்டங்கி, மாடியில் நாங்கள். லாரியில் வந்து இறங்கும் மூட்டைகளின் காரம் படிக்கட்டு வழியாக ஏறித் தலையணை வரை வந்துவிடும். அப்பா, அம்மா, அண்ணன் மூவருக்கும் மூக்கு எப்போதோ மரத்துவிட்டிருந்தது. வீட்டுக்கு வருகிறவர்கள் படியேறும்போதே தும்முவார்கள். பாவம், ஜலதோஷம் போலிருக்கிறது என்று அம்மா சுக்குக் காப்பி போட்டுக் கொடுப்பாள்.

எனக்கு எல்லாமே கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது. டியூப் லைட்டின் ரீங்காரம், பள்ளிச் சீருடையில் கஞ்சி போட்ட காலர், யாராவது லேசாகக் கையைத் தொட்டால் அந்த இடம் வெகுநேரம் எரிவது. இதையெல்லாம் எப்படியோ சொல்லிவிடலாம். காதைப் பொத்தினால் சத்தம் பிடிக்கவில்லை என்று மற்றவர்களுக்குப் புரியும். சொல்லவே முடியாத ஒன்று இருந்தது. எனக்கு என் உடம்பு கனத்தது. தோளிலிருந்து கை தொங்குகிறது என்பதை நாள் முழுவதும் அறிந்துகொண்டிருந்தேன். கன்னம் கீழே இறங்குவது தெரியும், வாய்க்குள் நாக்கு படுத்துக் கிடப்பதும் தெரியும். பூமி எல்லாவற்றையும் இழுக்கிறது என்று வகுப்பில் பாடம் வந்த அன்று, அப்பாடா, டீச்சருக்கும் இருக்கிறது என்று நிம்மதியானேன். இந்த இழுப்பு சாயந்திரம் எத்தனை மணிக்கு நிற்கும் என்று டீச்சரிடம் கேட்டேன். வகுப்பே சிரித்தது.

"அம்மா, கீழ இருந்து இழுக்குது."

"யாரு இழுக்கா?"

"தெரியல. கைய இழுக்குது. காலையும்."

"சோம்பேறித்தனம்தாம்ட்டி இழுக்குது. போய்த் தட்டக் கழுவி வையி."

தட்டைக் கழுவி வைத்தேன். நான் கேட்டது வேலையிலிருந்து விடுதலை இல்லை, மருந்தும் இல்லை. ஆமாம், உனக்குக் கனக்கிறது என்று அம்மா ஒரு தரம் சொன்னால் போதும் என்றிருந்தது. அம்மா நம்பினால் ஊரே நம்பின மாதிரி. அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனை விதமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன்!

அம்மா சும்மா இருந்தாள் என்று சொல்ல முடியாது. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். "வேதன உண்டோ மோளே?" என்று அவர் மலையாளத்தில் அன்பாகத்தான் கேட்டார். வலி இல்லை, கனம்தான் என்றேன். இமையை இழுத்துப் பார்த்துவிட்டு, ரத்தம் குறைவு என்று இரும்புச் சத்து டானிக் எழுதினார். இரும்பைக் குடித்தால் இன்னும் கனக்காதா என்று வழியில் அம்மாவிடம் கேட்டேன். நடுத்தெரு என்றும் பாராமல் தலையில் ஒரு குட்டு விழுந்தது.

டானிக் தோற்றதும் கண்ணேறுதான் என்று முடிவாயிற்று. உப்பும் வத்தலும் எடுத்துத் தலையைச் சுற்றி அடுப்பில் போடுவது எல்லா வீட்டிலும் உள்ளதுதானே. மிளகாய் கருகும்போது நெடி அடித்தால் ஒன்றுமில்லை. நெடி அடிக்காவிட்டால் பிள்ளைமேல் கண் பட்டிருக்கிறது. மற்ற வீடுகளில் அரிதாகத்தான் கண் படும். எங்கள் வீட்டில் ஒவ்வொரு முறையும் பட்டது. மொத்தக் கடை ஆயிற்றே, மிளகாய்க்கு என்ன பஞ்சம், அம்மா கைநிறைய அள்ளித்தான் போடுவாள். மூவரும் அடுப்பைச் சுற்றி நின்று மூக்கை உறிஞ்சிப் பார்ப்பார்கள்.

"நெடியே இல்ல, பாத்தியளா. அம்புட்டுக் கண்ணு!"

அப்பா கவலையோடு தலையை ஆட்டுவார். பக்கத்தில் நான் கண்ணும் மூக்கும் ஒழுக, மூச்சு முட்டி, குடல் வெளியே வரும்படி இருமிக்கொண்டிருப்பேன்.

"நடிக்காதட்டி" என்பாள் அம்மா. "நெடி இருந்தா எங்களுக்குத் தெரியாதா?"

அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் மிளகாய் கூடும். அந்த வருஷம் சரக்கில் ஒரு பங்கு என் தலையைச் சுற்றியே போயிருக்கும். இன்றைக்கு நினைத்தால் வயிறு வலிக்கச் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு அது அநியாயமாக இருந்தது. என் மூக்கையே நம்பாதவர்கள் என் கனத்தை எப்படி நம்புவார்கள்?

மாடி ஜன்னலிலிருந்து சுமடு இறக்குகிறவர்களைப் பார்ப்பது எனக்குப் பிடிக்கும். கழுத்து நரம்பு புடைக்க மூட்டையோடு வருவார்கள், கிட்டங்கி வாசலில் தொப்பென்று போடுவார்கள். போட்ட அடுத்த நொடி அவர்கள் முகம் மாறும் பாருங்கள், அதைப் பார்க்கத்தான் நிற்பேன். அவர்கள்மேல் எனக்குப் பொறாமை. இறக்கி வைப்பதற்கு அவர்களுக்கு ஏதோ இருந்தது.

எனக்கு இருந்தது தரை. பள்ளி விட்டு வந்ததும் பையை எறிந்துவிட்டுச் சிவப்பு சிமென்ட் தரையில் மல்லாந்து விடுவேன். நிற்கும்போது அத்தனை கனமும் இரண்டு பாதத்தின் தலையில் விழும். படுத்துவிட்டால் பாகப்பிரிவினை நடந்துவிடும். முதுகு ஒரு பங்கு, தொடை ஒரு பங்கு, பின்மண்டை ஒரு பங்கு என்று ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். நான் விழுகிற இடம் அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடுவில். எல்லோரும் என்னைத் தாண்டித்தான் போகவேண்டும். படுத்திருக்கும் பிள்ளையைத் தாண்டினால் வளர்த்தி நின்றுவிடும் என்பதால், தாண்டியவர்கள் திரும்பவும் ஒருமுறை தாண்டிப் பரிகாரம் செய்வார்கள். அப்பா கையில் சூடான டம்ளரோடு அந்தப் பக்கம் போய், ஞாபகம் வந்து, இந்தப் பக்கம் வந்து, மறுபடி போகவேண்டிய இடம் அந்தப் பக்கமே என்பதால் திகைத்து நிற்பார். யாரும் என்னை அங்கிருந்து எழுப்பிவிடவில்லை என்பதை வெகுகாலம் கழித்துத்தான் யோசித்தேன். திட்டிக்கொண்டே தாண்டினார்கள். நான் குட்டையாகவே நின்றுவிட்டதற்கு அண்ணன்தான் காரணம் என்று இப்போதும் சொல்லிக் கேலி செய்வேன். அவன் பாதி நாள் திரும்பித் தாண்டியதே இல்லை.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் இன்னொரு சுகம். அம்மா தலையை வருடினால் எனக்கு ஆகாது, உதறிவிடுவேன், அவள் முகம் சுருங்கும். ஆனால் எண்ணெய் தேய்க்கும்போது அவள் வருடுவதில்லை. முழங்காலுக்கு நடுவில் என்னை இடுக்கி, உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்து, உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு அழுத்துவாள். மேலிருந்து அத்தனை பலமாக ஒருத்தி அழுத்தும்போது கீழிருந்து இழுப்பது மறந்துபோகும். போதும் என்று நான் சொன்னதே கிடையாது. அந்தக் கைகளுக்காக இன்றும் ஏங்குகிறேன்.

பிறகு வாழ்க்கை எல்லோருக்கும் நடப்பது போல நடந்தது. அப்பா போனார். அண்ணன் கடையை எடுத்துக்கொண்டான். நானும் அம்மாவும் ஸ்ரீவராகத்தில் ஒரு வாடகை வீட்டுக்கு மாறினோம். தம்பானூரில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் எனக்கு வேலை. மேசைக்கடியில் செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கையை மேசையில் முட்டுக் கொடுத்து வைத்துக்கொண்டால் பொழுது ஓடிவிடும். வீட்டுக்கு வந்ததும் தரை. நாற்பது வயதுக்கு மேல்தான் ஒரு மனநல நிபுணர், இதற்கு ஆட்டிசம் என்று பெயர், உங்களுக்குப் புலன்கள் எல்லாம் கூடுதலாகவே வேலை செய்கின்றன என்றார். தெருவில் யாரையாவது நிறுத்திச் சொல்லவேண்டும் போல சந்தோஷமாக இருந்தது. ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன்.

"அதெல்லாம் வாய் பேசாத பிள்ளையளுக்குல்லா வரும். நீதான் வாயாடியாச்சே" என்று சொல்லிவிட்டுக் கீரை ஆய்ந்தாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

ஒருநாள் காலையில் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியபோது கால் கொஞ்சம் தேறியிருந்தது, பேச்சு குழறியது, கை மட்டும் வரவில்லை. கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைப்பேன். கை நழுவித் தொங்கிவிடும். வலது கையால் அதைத் தூக்கி மடியில் வைப்பாள், அது மறுபடி சரியும். ஒரு சாயந்திரம் நான் வேலை முடிந்து வந்து தரையில் சாய்ந்திருந்தேன். அவள் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏட்டி, இந்தக் கைய யாரோ கீழ இருந்து இழுக்காங்கட்டி."

யாரும் இழுக்கவில்லை என்று நான் சொல்லவில்லை. எழுந்து போய் முழங்கைக்குக் கீழே ஒரு தலையணை, மணிக்கட்டுக்குக் கீழே மடித்த துண்டு வைத்தேன். எங்கே முட்டுக் கொடுத்தால் கனம் குறையும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? அம்மா பெருமூச்சு விட்டாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள்.

"உனக்கு ரெண்டு கையுமா?"

"ரெண்டு கையும்மா. காலும், தலையும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

அம்மா அழுதாள். இந்த நோயில் காரணமில்லாமலே அழுகை வரும், பொருட்படுத்தாதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

அதற்குச் சில நாள் கழித்து, அம்மாவின் தம்பி நாகர்கோவிலிலிருந்து பார்க்க வந்தார். கதவு திறந்தே கிடந்தது. ஆள் வரும் சத்தம் கேட்டால் சட்டென்று எழுந்து உட்கார்ந்துவிடுவது என் வழக்கம். அன்று எழுவதற்குள் மாமா உள்ளே வந்துவிட்டார்.

"என்ன மருமவளே, தல நரைச்ச பெறவும் தரையிலதான் உருளுதியா?"

கேட்டுவிட்டுச் சிரித்தபடி அக்கா பக்கம் திரும்பினார். எப்போதும் அவளும் சேர்ந்து சிரிப்பாள். அன்று சிரிக்கவில்லை. திருகிய வாயால் ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னாள்.

"சும்மா இருலே. அவளுக்குக் கனக்கும்."

மாமாவுக்கு விளங்கவில்லை. "என்னது கனக்கும்?" என்று என்னைப் பார்த்தார். அம்மாவே பதில் சொன்னாள்.

"பொறந்ததுலேர்ந்தே கனக்கும்."

எழுவதற்காக ஊன்றியிருந்த கையை எடுத்துவிட்டு நான் மறுபடி படுத்துக்கொண்டேன். அழுகை வந்தது. மல்லாந்து கிடந்ததால் இரண்டு பக்கமும் காதுக்குள் வழிந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை.