அத்திமரம் இருந்த இடத்திலிருந்து

மனாகுவா நகரத்தில் எதற்கும் இருக்கும்வரை மரியாதை கிடையாது. போன பிறகுதான் அது முகவரியாகும். சான் ஹசிந்தோ பேட்டையில் பாதிப் பேருடைய வீடு 'அத்திமரம் இருந்த இடத்திலிருந்து' என்றுதான் தொடங்கும். மரத்தை வெட்டி முப்பது வருஷம் ஆகிறது. தெருவுக்குப் பெயரில்லை, வீட்டுக்கு எண்ணில்லை. மரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் இரண்டு தெரு, அங்கிருந்து மேலே ஒன்று, பச்சைக் கதவு. மேலே என்றால் சூரியன் உதிக்கிற பக்கம். இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும் என்று எனெய்தா மைரேனா கடிந்துகொள்வாள்.

தோன் எவெனோரின் சமையல் கேஸ் கடையில் இருபத்துநாலு வருஷம் போன் எடுத்தவள் அவள். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இடுக்கிக்கொண்டு, கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் தட்டுவாள். அந்த மென்பொருளை எழுதியவன் முதலாளியின் மச்சினன் மகன். எழுதிக் கொடுத்த கையோடு மயாமிக்குப் போனவன்தான், திரும்பி எட்டிப் பார்க்கவில்லை. முகவரிக்கு நாற்பது எழுத்து மட்டும் இடம் விட்டிருந்தான் புண்ணியவான். மனாகுவா முகவரியை நாற்பது எழுத்தில் அடைக்கச் சொன்னால் யாரால் முடியும்? எனெய்தாவால் முடிந்தது. 'அத்.2ஏ.1மே.பச்.நா' என்று தட்டுவாள். கடைசியில் வரும் 'நா' என்பது கடிக்கிற நாய். மூவாயிரத்து நூறு வீடுகள் இப்படித்தான் உள்ளே கிடந்தன, அவள் ஒருத்திக்கு மட்டும் புரிகிற மாதிரி. அவளுக்குக் காய்ச்சல் வந்தால் பேட்டையில் அடுப்பு எரியாது என்று தோன் எவெனோரே சொல்லிச் சிரிப்பார். தினமும் பத்து மணிக்கு அவள் மேஜைப் பக்கம் வந்து, அவள் போடும் காப்பியை நின்றபடியே குடிப்பார்.

அவருடைய மகள் கரேலியா, எனெய்தாவின் ஞானமகள். ஞானஸ்நானத் தொட்டியில் எனெய்தாவின் கையில் கிடந்துதான் தலையில் தண்ணீர் வாங்கினாள். மெக்சிகோவில் படித்துவிட்டு வந்து, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு ஏறிய வருஷம் கடைப் பொறுப்பை எடுத்துக்கொண்டாள். பிப்ரவரி ஒன்பதாம் தேதி எனெய்தாவுக்கு ஐம்பத்தெட்டு முடிந்தது. கரேலியா பாலில் ஊறிய கேக்கோடு வந்தாள். முதல் துண்டைத் தன் கையாலேயே ஊட்டினாள்.

"ஞானம்மா, இந்தக் கறுப்புத் திரை ஒரு நாள் மூச்சை விட்டுச்சுன்னா எல்லாம் போச்சு. புதுசு ஒண்ணு வாங்கியிருக்கேன். உக்காந்த இடத்துலேர்ந்தே எல்லா வண்டியும் தெரியும். அது உங்களுக்குத்தான்."

ஒரே ஒரு சிக்கல். புதுசுக்கு மரம் தெரியாது, ஏரிப் பக்கம் தெரியாது. ஒவ்வொரு வீடும் வரைபடத்தில் ஒரு புள்ளியாக வேண்டும். அந்த நாற்பது எழுத்தைப் படிக்கத் தெரிந்தவள் எனெய்தா மட்டுமே.

காலையில் போன். மத்தியானமும் ஞாயிற்றுக்கிழமையும் வில்மோரின் மோட்டார் சைக்கிள் பின்னால். வில்மோர் பதினைந்து வருஷமாக சிலிண்டர் போடுகிறவன், அதிகம் பேசாதவன். ஏப்ரல் வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு வீடு வீடாக இறங்குவாள், வாசலில் நின்று கைபேசியில் புள்ளியை அழுத்துவாள், திரும்ப ஏறுவாள். கால் வீங்கிச் செருப்பு ஏறவில்லை. மகனுடைய பழைய செருப்பைப் போட்டுக்கொண்டாள். கூடுதல் சம்பளம் கேட்கத் தோன்றவே இல்லை. தன் மேஜைக்குத்தானே செய்கிறோம் என்று இருந்தாள்.

ஒவ்வொரு நாளும் புது மென்பொருளுக்குள் நுழைய 'தற்காலிகம் 1' என்ற பெயரைத் தட்ட வேண்டும். அது என்ன பெயர் என்று ஒரு தடவை கேட்டாள். இப்போதைக்கு எல்லாருக்கும் அப்படித்தான் என்றாள் கரேலியா.

வீடுகளோடு அடையாளங்களையும் குறிக்கச் சொன்னார்கள். அங்கேதான் மரம் வந்தது. அத்திமரம் எந்த மூலையில் நின்றது என்று பேட்டையில் கேட்டால் மூன்று பேர் மூன்று மூலையைக் காட்டுவார்கள். எனெய்தாவுக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பது வயதில் அதிலிருந்து விழுந்து கிழித்த தழும்பு இன்னும் முகவாயில் இருக்கிறது. அந்த மூலையில் வில்மோர் வண்டியை நிறுத்தினான். அவள் கைபேசியை எடுத்தபோது, எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"எல்லாத்தையும் குடுத்துடாதீங்கக்கா. இந்த மரத்தையாவது வயித்துக்குள்ள வெச்சுக்குங்க."

"யாருக்குடா குடுக்கறேன்? ஊரானுக்கா? தூக்கி வளர்த்த புள்ளைக்குக் குடுக்கறேன். வாயை மூடிக்கிட்டு வண்டியை எடு."

அவள் புள்ளியை வைத்தாள்.

மே மாதத்திலிருந்து தோன் எவெனோர் பத்து மணிக் காப்பிக்கு வருவதில்லை. கொதிப்புக்குக் காப்பி ஆகாது என்று டாக்டர் சொல்லியிருப்பார் என எனெய்தா நினைத்துக்கொண்டாள். ஒரு நாள் கொண்டுபோய்க் கொடுத்தாள். மேஜையில் வைக்கச் சொன்னார், நிமிர்ந்து முகத்தைப் பார்க்கவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும். எங்கே உறைத்தது!

ஜூன் கடைசி வாரம் கடைசி வீட்டுக்கும் புள்ளி வைத்தாயிற்று. கரேலியா கட்டிப்பிடித்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள். ஜூலை ஒன்றாம் தேதி காலையில் எனெய்தா வழக்கம்போல் பெயரைத் தட்டினாள். கணக்கு முடிந்துவிட்டது என்றது திரை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடியும் தட்டினாள். மூன்றாவது தடவை கீழே இருந்த சின்ன எழுத்தையும் படித்தாள். முடியும் நாள்: ஜூன் 30. உருவாக்கிய நாள்: பிப்ரவரி 9.

அவள் பிறந்த நாள். கேக் வந்த நாள்.

எனெய்தாவுக்கு முதலில் கோபம் வரவில்லை. வெயில், குடை, வீங்கின கால், 'ஊரானுக்கா' என்று வில்மோரிடம் பேசின ஜம்பம், எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. நாலரை மாதமும் தன் குழியைத் தானே, அதுவும் சந்தோஷமாக, வெட்டியிருக்கிறாள். நாள் குறித்து வைத்துவிட்டுத்தான் கேக் ஊட்டியிருக்கிறது அந்தக் கை.

உள்ளே போனாள். கரேலியா உறையைத் தயாராக வைத்திருந்தாள். இனிமேல் ஆர்டர் நேராக வண்டிக்கே போய்விடும், புது ஆட்கள் வரைபடத்தைப் பார்த்தே போய்விடுவார்கள், வருகிற ஒன்றிரண்டு போனுக்கு ஒரு சின்னப் பெண் போதும், சட்டப்படி சேர வேண்டியது பைசா குறையாமல் உறைக்குள் இருக்கிறது என்று மனப்பாடம் செய்தது போல ஒப்பித்தாள். கம்பெனி முடிவு என்றாள். மூன்று பைக்கும் ஒரு கறுப்புத் திரையும் கொண்ட கம்பெனி!

எனெய்தா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"கேக் வெட்டறதுக்கு முன்னாடியா, அப்புறமா?"

கரேலியா உறையை அவள் பக்கம் நகர்த்தினாள். பின் அறையில் தோன் எவெனோரின் ரேடியோ சத்தம் கொஞ்சம் கூடியது. எனெய்தா உறையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அதே மாதக் கடைசியில் வில்மோரும் வேறு வேலைக்குப் போய்விட்டான்.

செப்டம்பரில் ஒரு நாள், மத்தியானச் சமையலுக்குப் பீன்ஸ் வேகிற நேரம், போன் அடித்தது.

"ஞானம்மா..."

கரேலியாதான். குரலில் தேன் ஒழுகியது. புதுசாக ஒரு கிழவி போன் செய்திருக்கிறாள், வரைபடத்தில் புள்ளி இல்லாத வீடு. அத்திமரம் இருந்த இடத்திலிருந்து ஏரிப் பக்கம் மூன்று, கீழே ஒன்று என்கிறாள். அடுப்பு பாதியில் அணைந்துவிட்டதாம். வண்டிக்காரன் ஒரு மணி நேரமாகச் சுற்றுகிறான், எல்லாரும் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வந்த பையன்கள். நான் குறித்துவைத்த மரத்தின் புள்ளி எங்கே என்று எனெய்தா கேட்டாள். அங்கே வாடிக்கையாளர் யாரும் இல்லையே என்று குப்பையோடு குப்பையாகச் சுத்தம் செய்துவிட்டார்களாம். மனாகுவாவில் பிறந்தவள் செய்கிற காரியமா அது! இல்லாத மரத்துக்கு எதற்குப் புள்ளி என்று நினைத்திருக்கிறாள்.

"மருந்துக் கடைக்கு எதிர் சந்து, நீலக் கேட்டு. சீக்கிரம் அனுப்பு, கிழவி பசியில இருப்பா," என்றாள் எனெய்தா.

"நீங்க தெய்வம், ஞானம்மா. அந்த மரம் எங்க நின்னுச்சுன்னு மட்டும் சொல்லிடுங்க. உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன்."

"அதைத்தான் சொன்னேனே. நீதான் அழிச்ச."

அடுப்பில் பீன்ஸ் பொங்குகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு எனெய்தாவே தொடர்ந்தாள்.

"இனிமே உன் கடைக்கு யாராவது வழி கேட்டா, எனெய்தா இருந்த இடம்னு சொல்லு. பேட்டையில எல்லாருக்கும் தெரியும்."

போனை வைத்துவிட்டு அடுப்பைத் தணித்தாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் அழுகை வந்தது. வேலை போனதற்காக அல்ல. அதற்கு ஜூலையிலேயே அழுது முடித்தாயிற்று. ஞானம்மா என்று அந்தக் குரல் கூப்பிட்டதும், மன்னிப்புக் கேட்கத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து ஒரு நொடி மனசு குளிர்ந்ததே, அதற்காக அழுதாள்.