பேங்க் அக்கா

மலேசியாவின் பீடோர் பட்டணத்திலிருந்து உள்ளே பிரிந்து போகிற செம்மண் சாலையில் அந்தத் தோட்டம் இருக்கிறது. கித்தா என்கிற ரப்பர் மரங்களை வெட்டி, எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்டுப் பல வருசமாகிவிட்டது. மிச்சமிருக்கும் ஒரே தொழிலாளர் லயத்தில் வசிக்கும் தினேஸ்வரிக்குப் பேங்க் அக்கா என்று பெயர். கிண்டலாகத் தொடங்கிய பெயர் அது. நடுவில் கொஞ்ச காலம் மரியாதையாகவும் இருந்தது.

பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவள் தினேஸ்வரி. அதற்கு மேல் படிக்க வைக்க அப்பாவிடம் வசதியும் இல்லை, எண்ணமும் இல்லை. பனைக்குலை ஏற்றும் லாரி ஓட்டுகிற தர்மேந்திரனைக் கட்டிக்கொண்டாள். பீடோரில் ஒரு சீனர் மளிகைக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தாள். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் மகளைக் கைக்குழந்தையிலிருந்தே பார்த்துக்கொண்டது பக்கத்து வீட்டு வீரம்மா. புருசனை இழந்தவள். ஒரே மகள் விமலா. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீரம்மா காசு எதுவும் வாங்கியதில்லை. "பாப்பா எனக்கும் பேத்திதானே லா" என்பாள்.

தோட்டத்துப் பெண்களுக்குச் சிறு கடன் தருவதாக ஈப்போவிலிருந்து ஓர் அறக்கட்டளை வந்தது. அதன் அதிகாரி தர்சிகா கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, எல்லாருடைய கைப்பேசிக்கும் ஓர் இணைப்பு அனுப்பினாள்.

"இது ஒரு ஆன்லைன் லைப்ரரி. கிராமத்துல சேமிப்பு, கடன், குழு நடத்துறது, எல்லாத்துக்கும் பாடம் இருக்கு. இலவசம்தான். நேரம் கிடைச்சா பாருங்க."

மற்றவர்கள் அதைத் திறக்கவே இல்லை. தினேஸ்வரி மட்டும் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் பின்னால் வெங்காய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து திறந்தாள். ஆங்கிலப் பாடம், கீழே மலாய் எழுத்து. புரியாத இடங்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் கேள்வி வந்தது. சரியாகச் சொன்னால் திரை பச்சையானது. பள்ளிக்கூடம் விட்ட பிறகு யாரும் அவளிடம் கேள்வி கேட்டதில்லை. சரி என்று சொன்னதுமில்லை. முழுப் பெயர் அச்சிட்ட சான்றிதழ் வந்தபோது ஜெராக்ஸ் கடையில் பிளாஸ்டிக் உறை போட்டு வாங்கி, டிவிக்கு மேலே மாட்டினாள்.

தர்மேந்திரன் அதைப் பார்த்துவிட்டு, "இத காட்டுனா அரிசி குடுப்பாங்களா?" என்று கேட்டான். அடுத்த மாதம் பக்கத்திலேயே இன்னொன்று ஏறியது.

கூட்டுப் பொறுப்பு பற்றிய பாடம் அவளை ரொம்பவே பிடித்துக்கொண்டது. ஐந்து பேர் சேர்ந்து கடன் வாங்க வேண்டும். ஒருத்தி கட்டாவிட்டால் மற்ற நால்வரும் கட்ட வேண்டும். அதனால் நால்வரும் அவளை விடமாட்டார்கள். ஏதோ ஒரு தேசத்தில், ஒரு வீட்டு வாசலில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் காட்சியைக் காட்டி, இனிமையான குரல் ஒன்று விளக்கியது: ஏழைகளிடம் ஈடு வைக்கச் சொத்து இல்லை, ஆனால் மானம் இருக்கிறது. தினேஸ்வரி அந்த இடத்தைத் திரும்ப ஓட்டிக் கேட்டாள்.

குழு அமைந்தது. தினேஸ்வரி தலைவி. வீரம்மா, மங்களம், இன்னும் இரண்டு பேர். வீரம்மா தன் பங்குக் கடனில் ஆடு வாங்கினாள். தவணைகள் ஒழுங்காகப் போயின. தர்சிகா ஒருநாள், "அக்கா, உங்க குழு ஒரு தவணைகூட தவறாம முடிச்சா, உங்களுக்கு எங்க ஆபீஸ்ல வேலைக்குச் சொல்லிப் பாக்குறேன்" என்றாள். அன்று முதல் தினேஸ்வரி கல்லாவில் உட்கார்ந்திருந்தாலும் மனசு ஈப்போவில் இருந்தது.

பிறகு தோட்டத்தில் களைக்கு மருந்து அடித்தார்கள். யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அந்தப் புல்லை மேய்ந்த ஆடுகள் வாயில் நுரை தள்ளி, செம்பனை அடியிலேயே விழுந்தன. வீரம்மா ஒவ்வொன்றையும் இழுத்து வந்து வாசலில் போட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். அவற்றைப் புதைக்கக் குழி வெட்டிக் கொடுத்தவளே தினேஸ்வரிதான். தோட்டத்து வேலைகளை மேற்பார்க்கும் மண்டோரிடம் போய்க் கேட்டபோது, "உன்ன யாரு இங்க மேய்க்கச் சொன்னது?" என்று மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

கொஞ்ச காலம் மற்றவர்கள் வீரம்மாவின் தவணையையும் சேர்த்துக் கட்டினார்கள். மங்களம் முணுமுணுக்க ஆரம்பித்தாள். தினேஸ்வரி பாடத்தை மறுபடி பார்த்தாள். அன்று சாயங்காலம் நால்வரும் போய் வீரம்மாவின் வாசலில் வரிசையாக உட்கார்ந்தார்கள்.

ஆறுதல் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நினைத்து வீரம்மா காப்பி கலக்கிக் கொண்டுவந்தாள். எல்லாரும் குடித்தார்கள். குடித்து முடித்து, கோப்பையைக் கீழே வைத்த பிறகுதான் தினேஸ்வரி பேச்சை எடுத்தாள்.

"ஆடு செத்தத நீயே பாத்தியே தினேசு" என்றாள் வீரம்மா.

"பாத்தேன்கா. ஆனா ஆடு செத்தா கட்ட வேணாம்னு நாம எங்கயும் கையெழுத்து போடலயே."

மறுநாளும் போனார்கள். அதற்கு மறுநாளும். காப்பி வரவில்லை. வீரம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். இவர்கள் வெளியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள். தண்ணீர் பிடிக்கப் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அந்த மாதக் கடைசியில் விமலாவுக்கு நிச்சயம். மாப்பிள்ளை பாகான் டத்தோ பக்கம், தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம்.

"அன்னிக்குப் போலாம்" என்றாள் தினேஸ்வரி.

மங்களத்துக்கே முகம் மாறியது. "நல்ல நாளு லா. வேணாம்."

"நல்ல நாளுலதான் கையில இருக்கும். நமக்கு யாரு கட்டுவா சொல்லு?"

மாப்பிள்ளை வீட்டார் கழற்றிவிட்ட செருப்புகளுக்குப் பக்கத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். மாப்பிள்ளையின் மாமா எட்டிப் பார்த்து, "இவுங்க யாரு? உள்ள வரச் சொல்லுங்களேன்" என்றார். தினேஸ்வரி எழுந்து கைகூப்பினாள். குரலை உயர்த்தாமல், ஒரு வார்த்தை கூட்டாமல், குறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். பாடத்தில் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்: கோபப்படக் கூடாது.

தட்டு மாற்றவில்லை. வந்தவர்கள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, போன் பண்ணுவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். அவர்களுடைய வேன் திரும்புவதற்குள் விமலா பட்டுப் புடவையோடு வெளியே வந்தாள். கழுத்துச் சங்கிலியைக் கழற்றித் தினேஸ்வரியின் கையில் வைத்தாள். அம்மா கித்தாத் தோட்டத்தில் பால்மரம் சீவிய காலத்தில் சேர்த்து வாங்கிய சங்கிலி.

"வித்து எடுத்துக்குங்க அக்கா. மிச்சம் இருந்தா அம்மாகிட்ட குடுத்துருங்க."

தினேஸ்வரி பீடோரில் விற்று, கடனை அடைத்து, மிச்சத்தைக் கடை ரசீதோடு கொண்டுவந்து கொடுத்தாள். தான் நேர்மையாக நடந்துகொண்டதாகத்தான் அன்று அவளுக்குத் தோன்றியது.

பாகான் டத்தோவிலிருந்து போன் வரவில்லை.

குழு முழுக் கடனையும் அடைத்ததற்காக ஈப்போவில் ஒரு மண்டபத்தில் தினேஸ்வரிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மேடையில் கேமராவுக்கு முன்னால், எப்படிச் சாதித்தீர்கள் என்று தர்சிகா கேட்டாள். தினேஸ்வரி சிரித்துக்கொண்டே சொன்னாள். வாசலில் உட்கார்ந்தது, காப்பி குடித்தது, நிச்சயத்தன்று போனது. பெயர் மட்டும் சொல்லவில்லை. கூட்டம் கைதட்டியது. அந்த வீடியோ அதே நூலகத்தில், அதே கூட்டுப் பொறுப்புப் பாடத்தின் கீழ், உண்மை அனுபவம் என்ற தலைப்போடு ஏறியது.

தோட்டத்தில் எல்லாருடைய கைப்பேசியிலும் அது சுற்றியது. வீரம்மாவுக்கு யார் காட்டினார்களோ தெரியாது. ஒரு காலையில் தாயும் மகளும் சாமான்களை வாடகை லாரியில் ஏற்றிக்கொண்டு தெலுக் இந்தானுக்குப் போய்விட்டார்கள். தினேஸ்வரியின் மகள் பள்ளி விட்டு வந்து பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

வேலைக்கு விண்ணப்பித்தபோது தினேஸ்வரி எல்லாச் சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போனாள். தர்சிகா அவற்றைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. "டிகிரி கேக்குறாங்க அக்கா. அதோட, நீங்க தோட்டத்துலயே இருந்தாத்தான் எங்களுக்கு உதவி. உங்கள மாதிரி வசூல் பண்ண இங்க யாருக்குத் தைரியம் இருக்கு?" என்றாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

குழு கலைந்தது. மங்களம் இவளைப் பார்த்தால் வேறு பாதையில் போனாள். தினேஸ்வரி பேச ஆளில்லாமல் தன் வீடியோவையே திறந்து பார்ப்பாள். ஒருநாள் அதன் கீழே யாரோ எழுதியிருந்ததை மொழிபெயர்த்துப் படித்தாள். எந்த ஊரோ தெரியவில்லை. "நன்றி சகோதரி. நாங்களும் ஒரு கல்யாண வீட்டில் போய் உட்கார்ந்தோம். அன்றைக்கே கொடுத்துவிட்டாள்."

தினேஸ்வரி தர்சிகாவுக்குப் போன் போட்டாள். "அந்த வீடியோவ எடுத்துருங்க மிஸ்."

"ஏன் அக்கா? நல்லா போகுதே. அதிகமா பாக்குறதே அதத்தான்."

அடுத்த விடுமுறையில் அவள் தெலுக் இந்தானுக்கு பஸ் ஏறினாள். விசாரித்து விசாரித்து ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கம் போய்ச் சேர்ந்தாள். வீரம்மா தாழ்வான முக்காலியில் உட்கார்ந்து தட்டு கழுவிக்கொண்டிருந்தாள். கை வெளுத்து ஊறிப்போயிருந்தது. நிமிர்ந்து பார்த்தாள். கோபம்கூட இல்லை.

"இன்னும் எதும் பாக்கி இருக்கா?"

"இல்லக்கா. எல்லாம் முடிஞ்சிருச்சி."

"அப்ப எதுக்கு வந்த?"

தினேஸ்வரி பழப்பையைக் கை மாற்றிப் பிடித்தாள். "பாப்பா உங்கள கேட்டுக்கிட்டே இருக்கா" என்றாள்.

வீரம்மாவின் கைகள் சோப்புத் தண்ணீருக்குள் அசையாமல் நின்றன. உள்ளேயிருந்து முதலாளி சத்தம் போட்டார். அவள் அடுத்த தட்டை எடுத்தாள்.

"கெழவி செத்துட்டான்னு சொல்லு. ரெண்டு நாளு அழுவா, பெறகு மறந்துருவா."

விமலா எங்கே என்று கேட்கத் தினேஸ்வரிக்குத் துணிவு வரவில்லை. கொண்டுபோயிருந்த பழப்பையைச் சுவரோரமாக வைத்துவிட்டு நடந்தாள். முனை திரும்பும்போது பின்னால் பார்த்தாள்; அந்தப் பை பின்வாசலுக்கு வெளியே தெருவில் கிடந்தது. ஆரஞ்சுகள் சாக்கடை வரைக்கும் உருண்டிருந்தன.